எட்டரை மணி

போன மாதம் ஒரு நாள் காலையில் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. கூடவே ஒரு வரி: "அங்கிள், இதப் பாத்திருக்கீங்களா? பயங்கர காமெடி." திறந்தால் இரண்டு ஆட்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஜெர்மானியர் பேசுகிற மாதிரி ஆங்கிலத்தில், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். குரலை மட்டும் கேட்டால் யாரையோ விசாரணைக்கு இழுத்துவந்து மிரட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் வாயிலிருந்து வருவதெல்லாம் பாராட்டும் அன்பும் ஆறுதலும்.

அனுப்பியவன் இன்று சிகாகோவில் வேலை பார்க்கிறான், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். இந்தக் காட்சி இடம்பெற்ற நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பான இரவில் அவனுக்கு 7 வயது. எங்கள் வீட்டுக் கூடத்தில், தரையில் விரித்த கம்பளியில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அது நினைவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1996 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற பல்கலைக்கழக ஊர். சுற்றிலும் சோளக்காடு, மார்ச் மாதமாகியும் தெருவோரங்களில் கறுத்துப்போன பனிக் குவியல். ஒரு பழைய மர வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் நான்கு மாணவர்கள் இருந்தோம். ஒருவன் மதுரை, ஒருவன் தஞ்சாவூர், ஒருவன் கோயம்புத்தூர், நான் விருதுநகர்ப் பக்கம். மாடியில் ஒரு குடும்பம். அண்ணன் முனைவர் பட்டத்துக்காக ராப்பகலாக ஆய்வகத்தில் கிடப்பார். அக்காவுக்கு அம்பாசமுத்திரம். அவர்களுடைய ஒரே பையன்தான் இவன்.

எங்களிடம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. படிப்பு முடித்து ஊரைக் காலி செய்த யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போனதைத் தூக்கி வந்தோம். இரண்டு கொம்பு ஆன்டெனா, அதன் நுனியில் அலுமினியத் தாள். கேபிள் கிடையாது. ஐந்தாம் எண் மட்டும் தெளிவாக வரும். 1994 வரை எங்கள் பல்கலைக்கழகமே சொந்தமாக வைத்திருந்த நிலையம் அது, ஏ.பி.சி. நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும். மாடியில் டி.வி. இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு அக்காவும் பையனும் கீழே இறங்கி வருவார்கள். அக்கா கையில் ஒரு பாத்திரம் இருக்கும். சுண்டலோ உப்புமாவோ, எதுவானாலும் எங்களுக்கு அது விருந்து.

அவர்கள் வருவது 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' பார்க்க. டிம் ஆலன் நடித்த குடும்பத் தொடர். வீட்டு வேலைக் கருவிகளைப் பற்றி டி.வி. நிகழ்ச்சி நடத்தும் அப்பா, அவர் கைவைத்ததெல்லாம் உடையும், மூன்று பையன்கள், பொறுமையான அம்மா. அந்த நாளில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்று. டிம் ஆலன் பன்றி மாதிரி ஒரு உறுமல் உறுமுவார். பையன் அதை அப்படியே செய்து காட்டுவான். வாரா வாரம் நாங்கள் செய்யச் சொல்லிக் கேட்போம், அவனும் சலிக்காமல் செய்வான்.

அன்றைக்குத் தொடர் முடிந்ததும் ஒரு புதிய நிகழ்ச்சி ஆரம்பமாவதாகப் பல நாளாக விளம்பரம் போட்டிருந்தார்கள். 'தி டேனா கார்வி ஷோ'. டேனா கார்வியை எங்களுக்கே தெரியும். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 1986 முதல் 1993 வரை இருந்தவர். பக்தி முற்றிய 'சர்ச் லேடி'யாக வந்தவர், மூத்த புஷ்ஷை அவரே பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் போலிசெய்தவர். 1992-இல் வந்த 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கார்த். யாரையும் நோகடிக்காத முகம். குடும்பத் தொடர் முடிந்ததும் குடும்பம் கலைந்துபோகாமல் உட்கார்ந்து பார்க்கத் தோதான ஆள் என்று ஏ.பி.சி. நினைத்ததில் தப்பே இல்லை.

முதல் துணுக்கில் அதிபர் கிளின்டனாக கார்வி வந்தார். நாட்டுக்குத் தந்தையாக மட்டுமல்ல, தாயாகவும் தானே இருக்கப் போவதாக உருக்கமாகப் பேசினார். பேசிக்கொண்டே சட்டையைத் திறந்தார். மார்பில் வரிசையாகப் பால் காம்புகள். ஒரு குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் நாய்க்குட்டிகள், பூனைக்குட்டிகள். எல்லாம் பால் குடிக்கத் தொடங்கின.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மதுரைக்காரன் சுண்டலை வாயில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டான். அக்கா எழுந்தார். "ஏ, எந்திரி. படுக்கணும்" என்று பையனின் கையைப் பிடித்தார். "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றான். "எந்திரின்னு சொன்னேன்ல." எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் போனார். பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாடிப்படியில் அவர்கள் காலடிச் சத்தம் ஓய்ந்து, மேலே கதவு சாத்தியதும் தஞ்சாவூர்க்காரன்தான் முதலில் வெடித்தான். அப்புறம் நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பு அரை மணி நேரம் அடங்கவில்லை.

எங்கள் கூடத்தில் நடந்தது அன்று இரவு நாடு முழுவதும் எத்தனையோ கூடங்களில் நடந்தது. மூன்று பையன்கள் உள்ள தொடரைத் தங்கள் பையன்களோடு பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள், கூட்டம் கூட்டமாக ரிமோட்டை எடுத்தார்கள். அதில் நேரக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் இந்த நிகழ்ச்சி இரவு 9.30-க்கு. அங்கே பாதிப் பிள்ளைகளாவது தூங்கியிருக்கும். ஆனால் அயோவா, இல்லினாய், மின்னசோட்டா, டெக்சஸ் எல்லாம் மத்திய நேர மண்டலம். அங்கே மாலை நிகழ்ச்சிகள் எல்லாமே கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். எங்களுக்கு அது 8.30. சாப்பிட்டுவிட்டு, பல் தேய்ப்பதற்கு முன்னால், பையன்கள் அம்மா அப்பாவோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம்.

மறுநாள் ஆய்வகத்தில் நான் அக்காவைப் பற்றிக் கோபமாகப் பேசினேன். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தும் மனசு அம்பாசமுத்திரத்திலேயே இருக்கிறது என்றேன். எனக்கு அப்போது 23 வயது. சிரிப்பு என்றால் என்ன என்று அமெரிக்கர்களுக்கே வகுப்பெடுக்கும் தைரியம் இருந்தது.

அடுத்த வாரமும் அக்கா தொடர் பார்க்க வந்தார். முடியும் இசை கேட்டதும், புது நிகழ்ச்சியின் பெயர் வருவதற்குள், பையனை எழுப்பிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று.

நாங்கள் ஏழு பகுதியையும் பார்த்தோம். மொத்தம் எட்டு எடுத்திருந்தார்கள், ஏழுதான் ஒளிபரப்பானது. ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சரி. அரசியல் கேலியில் பாதி எங்களுக்குப் புரியாது. யாரைப் போலிசெய்கிறார்கள் என்று தெரிந்தால்தானே! மதுரைக்காரன் செய்தித்தாள் விடாமல் படிப்பவன், அவன் உரை சொல்லுவான். ஆனால் உரை தேவைப்படாத காட்சிகள் இருந்தன. எங்களைக் கட்டிப்போட்டவை அவைதான்.

ஒன்று, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும் பரிமாறுபவர்கள். உணவகத்தில் இரண்டு பேர், அன்றைய பலகாரங்களை வாடிக்கையாளரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அவர்களுக்கே வாந்தி முட்டுகிறது. அடக்கிக்கொண்டு, மரியாதை குறையாமல், அடுத்த வகையைச் சொல்கிறார்கள். தஞ்சாவூர்க்காரன் வெங்காயம்கூடத் தயங்கித் தொடும் வீட்டிலிருந்து வந்தவன். செலவுக்காக விடுதிச் சமையலறையில் வாரம் 15 மணி நேரம் தட்டுகளில் மிஞ்சிய மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் வழித்துப் போடும் வேலை பார்த்தான். அந்தக் காட்சியைப் பார்த்துத் தரையில் புரண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது என் கதைடா" என்றான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் பின்கட்டில் போய் வாந்தியெடுத்ததை அன்றுதான் எங்களிடம் சொன்னான். ஏழு மாதமாகக் கூடவே இருந்தும் எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, அந்த ஜெர்மானியர்கள். அன்பான வார்த்தை, கொலைகாரக் குரல். இதைச் சிரிக்க நாங்கள் ஜெர்மனியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தக் குரல் உண்டு. "கொட்டிக்கிட்டுப் போய்த் தொலை" என்று சொல்லிக்கொண்டே நெய்யை இன்னொரு கரண்டி ஊற்றும் அப்பத்தா. ரயிலடியில் வழியனுப்ப வந்து, "போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடலேன்னா காலை ஒடிப்பேன்" என்று உறுமிவிட்டு, வண்டி நகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா. அன்பை அன்பின் குரலில் சொல்லக் கூச்சப்படும் மனிதர்களை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான் முதன்முதலாக அங்கேதான் கண்டேன். வீட்டு நினைவு வாட்டிய வசந்த காலம் அது. அந்த இரண்டு பேரும் எனக்குச் செய்த உதவி அவர்களுக்குத் தெரியாது.

அந்த இரண்டு பேரின் பெயர் அப்போது எங்களுக்குத் தெரியாது. முடிவில் ஓடும் எழுத்துகளை யார் படித்தார்கள்? ஸ்டீவ் கரேல், ஸ்டீபன் கோல்பேர். இருவரும் சிகாகோவின் 'செகண்ட் சிட்டி' மேடையிலிருந்து வந்தவர்கள். அங்கே கரேலுக்குப் பதிலாள் நடிகராக கோல்பேர் இருந்திருக்கிறார். நிகழ்ச்சியைக் கார்வியோடு சேர்ந்து உருவாக்கிய ராபர்ட் ஸ்மைகல், கோனன் ஓ'பிரையனின் நள்ளிரவு நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். எழுத்தாளர் குழுவில் சார்லி காஃப்மன் என்றொருவர். ராபர்ட் கார்லாக் என்றொருவர். தலைமை எழுத்தாளர் லூயி சி.கே. அவர் பின்னால் பெரும் புகழ் பெற்றார். பெண்களிடம் நடந்துகொண்ட முறைக்காக 2017-இல் குற்றச்சாட்டு வந்தபோது அது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அவரைப் பாராட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவர்கள் விளம்பரதாரரையும் விட்டுவைக்கவில்லை. 1950-களில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் பெயரையே நிகழ்ச்சிக்குச் சூட்டும் பழக்கம் இருந்தது. பெட்ரோல் கம்பெனியின் பெயரில் 'டெக்சாகோ ஸ்டார் தியேட்டர்' வந்தது அப்படித்தான். அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். முதல் வாரம் 'தி டாக்கோ பெல் டேனா கார்வி ஷோ'. அடுத்தடுத்து மவுன்டன் டியூ, மக் ரூட் பியர் என்று பெப்சி குடும்பத்துப் பெயர்கள். முன்னால் வரும் பாட்டில், காசு கொடுத்தவரையும் காசு வாங்கிய தங்களையும் ஒன்றாக வைத்துக் கேலி செய்தார்கள். முதல் வாரத்தோடு டாக்கோ பெல் விலகிக்கொண்டது. பிறகு ஒரு வாரம், நியூயார்க்கின் ஒரு சீன உணவகத்தின் பெயரில் நிகழ்ச்சி வந்தது. அன்று நாங்கள் சிரித்தோம் என்றாலும் கோயம்புத்தூர்க்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா கடை வைத்திருப்பவர். "பெரிய பார்ட்டி போயிட்டா அப்புறம் ரொம்ப நாள் நிக்காதுடா" என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது.

நின்றபோது எங்கள் வருத்தம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளில் கருவி வைத்துக் கணக்கெடுத்தது. அந்த வீடுகள்தான் நாடு. தெருவில் கிடந்த பெட்டியைத் தூக்கிவந்து பார்த்த நான்கு மாணவர்கள் அதில் கிடையாது. நாங்கள் ஏழு செவ்வாய்க்கிழமை சிரித்த சிரிப்பு, எந்தக் கணக்கிலும் ஏறாமல் அந்தக் கூடத்திலேயே கரைந்தது. அது போதாதென்று, ஏ.பி.சி.யை டிஸ்னி கைக்கொண்டதும் அதே 1996 பிப்ரவரியில்தான். மிக்கி மவுஸின் வீட்டுக்குள் நிகழ்ச்சி குடிபுகுந்து ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில் கிளின்டன் சட்டையைத் திறந்தார்.

'காலத்தை முந்திய நிகழ்ச்சி' என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1996-இல் இதைப் பார்க்கத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். 'சாட்டர்டே நைட் லைவ்' வரும் சனிக்கிழமை இரவு 11.30-க்கு அவர்கள் விழித்திருந்தார்கள், நள்ளிரவு தாண்டி கோனனோடும் விழித்திருந்தார்கள். இந்த நிகழ்ச்சி அந்த நேரங்களில் வளர்ந்தவர்களால் எழுதப்பட்டது. அதே நிகழ்ச்சியில் பிறந்த ஒரு கார்ட்டூன், இரண்டு சூப்பர் ஹீரோக்களைப் பற்றியது, கரேலும் கோல்பேரும் குரல் கொடுத்தது. அதை ஸ்மைகல் அதே ஆண்டு 'சாட்டர்டே நைட் லைவ்'வுக்குக் கொண்டுபோனார். அங்கே பல ஆண்டுகள் ஓடியது. ஒரே கார்ட்டூன், ஒரே குரல்கள், ஒரே நாடு. கடிகாரம் மட்டும் வேறு.

என் கோபம் எப்போது தீர்ந்தது என்று சொல்ல முடியும். என் மகளுக்கு 8 வயது. குழந்தைகளுக்கானது என்று நம்பிப் போட்ட ஒரு கார்ட்டூனில் சட்டென்று வேறு மாதிரி ஒரு காட்சி. சோபாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நான் பாய்ந்த பாய்ச்சலில் தேநீர்க் கோப்பை உடைந்தது. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றபோது எனக்கு அக்காவின் முகம்தான் தெரிந்தது. அவர் அம்பாசமுத்திரத்தின் மனசோடு எழுந்து போகவில்லை. 7 வயதுப் பையனின் தாயாக எழுந்து போனார். எட்டரை மணிக்கு அவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தப் பெயர்கள் பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. 1999-இல் 'பீயிங் ஜான் மால்கோவிச்' பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். எழுதியது சார்லி காஃப்மன். 'எட்டர்னல் சன்ஷைன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியதும் அவரே. 2005-இல் 'தி ஆபீஸ்' வந்தது. நானும் அப்போது அதே மாதிரி ஓர் அலுவலகத்தில், அதே மாதிரித் தடுப்புச்சுவர்களுக்கு நடுவில் இருந்தேன். அந்த மேலாளரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மூன்று வாரம் குடைந்தது. ஒரு காட்சியில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைச் சுளித்தார். உடனே தஞ்சாவூர்க்காரனுக்குப் போன் போட்டேன். "டேய், வாந்தி வர்ற சர்வர்டா!" கரேல்தான் அது. அவனுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கோல்பேர் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். கார்லாக் '30 ராக்' நடத்தினார். இத்தனை பேரை ஒரே அறையில் உட்காரவைத்து எழுதச் சொன்ன நிகழ்ச்சி ஏழு வாரத்தோடு போனது.

2009-இல் டி.வி.டி. வந்ததும் வாங்கினேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். படம் தெளிவாக இருந்தது, அலுமினியத் தாள் தேவைப்படவில்லை. சில இடங்களில் புன்னகைத்தேன். சத்தமாகச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் புரள்வதற்கு யாருமில்லை. அடுத்தவன் சிரிப்பதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் பாதி சிரித்திருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. 2017-இல் இந்த நிகழ்ச்சியின் பிறப்பையும் இறப்பையும் பற்றி ஹுலுவில் ஓர் ஆவணப்படம் வந்தது. உருவாக்கியவர்களே உட்கார்ந்து, எங்கே சறுக்கியது என்று ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்கள். அதை நான்கு பேரும் நான்கு ஊர்களில் இருந்தபடி ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, கைப்பேசியில் பேசிக்கொண்டே பார்த்தோம். அன்று சிரிப்பு வந்தது.

இன்று எல்லாமே கணக்கில் ஏறுகிறது. பையன் அனுப்பிய காணொளியை நான் எத்தனை நொடி பார்த்தேன் என்பதுகூட எங்கோ பதிவாகிறது. பார்த்தவர்கள் இல்லை என்று நிறுத்தப்பட்டதன் துண்டுகள் இன்று கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்கின்றன. கணக்கில் ஏறினால் மட்டும் பிழைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கோல்பேர் 2015 முதல் நடத்திய 'லேட் ஷோ'வை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக சி.பி.எஸ். 2025 ஜூலையில் அறிவித்தது. செலவுதான் காரணம் என்றது. அந்த நேரத்தில் வரும் பேச்சு நிகழ்ச்சிகளில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். செய்தியைப் படித்தபோது எனக்கு ஏம்ஸின் அந்தக் கூடம்தான் நினைவுக்கு வந்தது, கோயம்புத்தூர்க்காரன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததும்.

காணொளிக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. அன்று சாயங்காலம் அக்காவுக்குப் பேசினேன். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் மகனோடுதான் இருக்கிறார்கள்.

"தம்பி, அந்த ஜெர்மன்காரன் வீடியோவ எனக்கும் காட்டினான்" என்றார் எடுத்ததுமே. "எங்க மாமனார் அப்படியே. சாகுற வர எங்கிட்ட ஒரு நல்ல வார்த்த நல்ல மாதிரி சொன்னதில்ல. ஆனா நான் பிள்ளையுண்டா இருந்தப்ப, தெனமும் கடையத்துக்கு சைக்கிள்ல போயி எனக்கு மாங்கா வாங்கிட்டு வந்து, 'தின்னு தொல'ன்னு திண்ணையில எறிஞ்சிட்டுப் போவாரு." சிரித்துக்கொண்டே சொன்னவருக்குக் குரல் கொஞ்சம் அடைத்தது.

"அக்கா, அது எந்த நிகழ்ச்சின்னு தெரியுதா? ஏம்ஸ்ல, அந்த கிளின்டன்..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அதுவா இது?" என்றார். பிறகு, "அன்னைக்கு நான் மேல போயி இவனப் படுக்கப் போட்டேன். நீங்க நாலு பேரும் சிரிக்கது மேல வர கேட்டுச்சு. அப்புறம் ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் கேக்கும். இவன் தூங்கினப்புறம் படிக்கட்டுல வந்து உக்காந்துக்கிடுவேன். உங்க அண்ணனும் வந்திருக்க மாட்டாக. என்னத்துக்குச் சிரிக்கீங்கன்னு ஒண்ணும் தெரியாது. சும்மா கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றார்.

மாடிப்படி அந்த வீட்டில் எங்கள் கூடத்துச் சுவருக்கு மறுபக்கம்தான் இருந்தது.

"கீழ வந்திருக்கலாமேக்கா."

"வரலாம்னு ஒரு நாள் நெனச்சேன் தம்பி. அடுத்த செவ்வா பாத்தா சத்தமே இல்ல. நிறுத்திட்டான்னு நீதான் வந்து சொன்ன."